சமூகத் தண்டனை பலன் தருகிறதா? இளைஞர் திட்டங்களை அளக்க எந்த முறையை நம்பலாம்

18 முதல் 25 வயது வரை உள்ள ஒருவர் குற்றம் செய்து பிடிபட்டால், சிறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே வைத்துத் தண்டனையை நிறைவேற்றும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. இதைத்தான் சமூகத் தண்டனை என்கிறார்கள். சம்பளமில்லாத பொது வேலை, நன்னடத்தை அலுவலரிடம் வாராவாரம் ஆஜராவது, போதை மீட்புச் சிகிச்சை, வேலைப் பயிற்சி, கோபத்தைக் கையாளக் கற்றுத்தரும் வகுப்பு என்று இவற்றில் சிலவற்றைச் சேர்த்து நீதிபதி உத்தரவிடுவார். திட்டம் இரண்டு மூன்று வருடம் ஓடியதும் பணம் ஒதுக்குபவர்கள் வந்து கேட்பார்கள்: இதனால் மறுகுற்றம் குறைந்ததா? தொடரலாமா, மூடிவிடலாமா?

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் பெரும்பாலும் எந்த முறையில் அளக்கிறோம் என்பதிலேயே அடங்கிவிடுகிறது. டேவிட் வைஸ்பர்ட், சிந்தியா லம், ஆந்தனி பெட்ரோசினோ மூவரும் 2001-இல் குற்றவியல் ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். ஆய்வின் வடிவமைப்பு எவ்வளவு பலவீனமாக இருந்ததோ, அந்த அளவுக்குத் 'திட்டம் வெற்றி' என்ற முடிவு வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. அதனால் திட்டம் நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த அளவுகோலால் பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. புழக்கத்தில் உள்ள ஆறு முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன். எனக்கு இதில் தெளிவான சாய்வு உண்டு. அதற்கான காரணம் இந்த வயதுக்காரர்களிடமே இருக்கிறது.

வயது செய்யும் வேலை

குற்றம் செய்வது வயதோடு ஏறி இறங்கும். பதின்ம வயதின் கடைசியில் உச்சிக்குப் போய், இருபதுகளில் மளமளவென்று சரியும். பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே 1831-லேயே இதைக் கவனித்து எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாப்பும், பாஸ்டனில் சிறுவயதில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பேரின் வாழ்க்கையை 70 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சின்ன வயதில் எவ்வளவு மோசமான பதிவு இருந்தாலும், ஏறத்தாழ எல்லாருமே ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டு விலகினார்கள். சிலர் சீக்கிரம், சிலர் தாமதமாக. திருமணம், நிலையான வேலை, ராணுவப் பணி போன்றவை அந்த விலகலுக்குக் கைகொடுத்தன.

நாற்பது வயதுக்காரர்களுக்கான திட்டத்தை மதிப்பிடும்போது இது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. 19 வயதில் சேர்ந்து 22 வயதில் கணக்கெடுக்கப்படும் ஒரு பையன் விஷயத்தில் இதுதான் எல்லாமே. அந்த மூன்று வருடத்தில் அவன் மூளை முதிர்கிறது, நண்பர் கூட்டம் கலைகிறது, ஒரு வேலை கிடைக்கிறது, ஒரு துணை அமைகிறது. திட்டமே இல்லாவிட்டாலும் குற்றம் குறைந்திருக்கும். எவ்வளவு குறைந்திருக்கும் என்று தெரியாமல் திட்டத்துக்கு மதிப்பெண் போட முடியாது. இந்த வயதினருக்கு எந்த அளவீட்டு முறையை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிறந்தநாள்கள் செய்த வேலையைத் திட்டத்தின் கணக்கில் எழுதாமல் இருக்க அந்த முறையிடம் வழி இருக்கிறதா?

முன்னும் பின்னும் பார்ப்பது

சேர்வதற்கு முந்தைய ஒரு வருடத்தில் எத்தனை கைது, முடித்த பிந்தைய ஒரு வருடத்தில் எத்தனை கைது என்று எண்ணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. செலவு இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இளம் வயதினர் விஷயத்தில் இதற்கு மதிப்பே இல்லை என்பது என் கருத்து. வயதின் சரிவு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஒருவர் நீதிமன்றத்தில் வந்து நிற்பது அவர் வாழ்க்கையின் மிக மோசமான கட்டத்தில். உச்சத்தில் இருக்கும்போது பிடித்து அளந்தால், அடுத்து வருவது தாழ்வாகத்தான் இருக்கும். புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். இரண்டும் சேர்ந்தால், ஒன்றுமே செய்யாத ஒரு திட்டம்கூட அழகான வீழ்ச்சிக் கோட்டைக் காட்டும்.

முடித்தவர்களையும் விட்டுப்போனவர்களையும் ஒப்பிடுவது

முந்தையதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பதற்கு ஆய்வு மாதிரியே இருக்கும். ஒப்பீட்டுக் குழு இருக்கிறது, இரண்டு பட்டைகள் கொண்ட வரைபடம் இருக்கிறது, வித்தியாசமும் பெரிதாக இருக்கிறது. கொஞ்சம் நின்று, கற்பனையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு திட்டத்தில் 200 பேர் சேர்கிறார்கள். 120 பேர் கடைசி வரை வந்து முடிக்கிறார்கள், 80 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். முடித்த 120 பேரில் 36 பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி குற்றம் செய்கிறார்கள், அதாவது 30 சதவீதம். நின்றுபோன 80 பேரில் 52 பேர், அதாவது 65 சதவீதம். 'திட்டத்தை முடித்தவர்களிடம் மறுகுற்றம் பாதிக்கும் குறைவு' என்று தலைப்புச் செய்தி தயார்.

இப்போது 200 பேரையும் சேர்த்து எண்ணுங்கள். 36-உம் 52-உம் 88. அது 44 சதவீதம். அதே போன்ற குற்றப் பதிவும் வயதும் கொண்ட, திட்டத்தில் சேராத 200 பேரில் 90 பேர் மறுகுற்றம் செய்திருந்தால் அது 45 சதவீதம். வித்தியாசம் ஒரே ஒரு சதவீதப் புள்ளி. தலைப்பில் நின்ற 30-க்கும் 65-க்கும் நடுவிலான பள்ளம் எங்கே போனது? அது முதலிலிருந்தே திட்டத்தினுடையது அல்ல. காலையில் எழுந்து நேரத்துக்கு வரக்கூடியவர், வீட்டில் ஆதரவு உள்ளவர், போதையில் ஆழமாக விழாதவர் திட்டத்தை முடிக்கிறார். அதே ஆள் திட்டம் இல்லாவிட்டாலும் குறைவாகவே குற்றம் செய்திருப்பார். திட்டம் அவரைச் சல்லடையில் சலித்து எடுத்ததே தவிர மாற்றவில்லை.

அதனால் எந்த முறையை எடுத்தாலும் ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது. முதல் நாள் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவரும் கடைசிக் கணக்கில் இருக்க வேண்டும், அவர் ஒரே ஒரு வகுப்புக்கு வந்துவிட்டுக் காணாமல் போயிருந்தாலும். மருத்துவச் சோதனைகளில் பல காலமாகப் பின்பற்றும் ஒழுக்கம் இது.

ஒத்தவர்களைத் தேடி இணைப்பது

சரி, திட்டத்துக்கு வெளியிலிருந்து ஒப்பீட்டுக் குழுவைக் கொண்டுவருவோம். திட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் வயது, பாலினம், முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை, முதல் குற்றம் செய்த வயது, இப்போதைய குற்றத்தின் வகை ஆகியவற்றில் ஒத்துப்போகும் ஒருவரைப் பெரிய தரவுத்தளத்திலிருந்து தேடி எடுப்பது. ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியாக ஒத்துப் பார்ப்பது கடினம் என்பதால், 'இவர் இந்தத் திட்டத்துக்கு அனுப்பப்படும் வாய்ப்பு எவ்வளவு' என்று ஒரே எண்ணாகக் கணக்கிட்டு, அந்த எண் நெருங்கி வருபவர்களை ஜோடி சேர்ப்பார்கள்.

இங்கிலாந்து நீதி அமைச்சகம் 2013-இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ் டேட்டா லேப்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு தொண்டு நிறுவனம் தான் வேலை செய்தவர்களின் விவரப் பட்டியலை அனுப்பினால், அமைச்சகத்தின் புள்ளியியலாளர்கள் காவல்துறைப் பதிவுகளோடு பொருத்தி, ஒத்த குழுவை உருவாக்கி, இரண்டு குழுக்களின் மறுகுற்ற விகிதத்தையும் திருப்பித் தருவார்கள். தனி நபர் எவருடைய பதிவும் வெளியே போகாது. சின்ன அமைப்புகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. தங்கள் முயற்சியின் பலனை நேர்மையாகத் தெரிந்துகொள்ள அவர்களிடம் வேறு வழியே இருந்ததில்லை. வேறு நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதே அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 12 மாதத்துக்கும் குறைவான சிறைத் தண்டனை பெற்றவர்களை, ஒத்த பின்னணியோடு சமூகத் தண்டனையோ நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோ (மறுபடி குற்றம் செய்யாதவரை உள்ளே போக வேண்டியிராத சிறைத் தண்டனை) பெற்றவர்களோடு ஒப்பிட்டது. ஒரு வருடத்தில் சிறைக்குப் போனவர்களின் மறுகுற்ற விகிதம் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் அதிகம். பெரிய எண்ணிக்கையிலான ஆட்கள், கவனமான ஒப்பீடு. குறுகிய சிறைத் தண்டனையால் பயனில்லை என்று வாதிடுபவர்கள் அடிக்கடி காட்டும் எண் இதுதான்.

நம்பலாமா? பெருமளவுக்கு நம்பலாம், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. நீதிபதி முன்னால் நிற்பது தரவுத்தளத்தின் ஒரு வரி அல்ல, ஒரு மனிதர். அவர் கண்ணில் வருத்தம் தெரிகிறதா, அம்மா கூட வந்திருக்கிறாரா, வேலை தருவதாக ஒருவர் கடிதம் கொடுத்திருக்கிறாரா, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை எந்தத் தொனியில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் சிறையா வெளியிலா என்று முடிவாகிறது. இவை எதுவும் தரவில் இல்லை. தாளில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் நம்பிக்கைக்குரியவராகத் தெரிந்தவர் வெளியே வைக்கப்பட்டிருந்தால், அந்த 4 புள்ளியில் ஒரு பங்கு நீதிபதியின் கணிப்புத் திறமைக்குச் சேர வேண்டியது. எத்தனை அம்சங்களைச் சேர்த்தாலும் இந்தச் சந்தேகம் முழுசாகப் போகாது.

இளம் வயதினர் திட்டங்களில் இதைவிடச் சாதாரணமாக நடக்கும் தப்பு ஒன்று இருக்கிறது. 'சிறைக்கு மாற்று' என்று ஆரம்பிக்கும் திட்டங்களில் நாளடைவில் அபராதத்தோடு போயிருக்க வேண்டியவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். நீதிபதிகளுக்கு நல்ல எண்ணம்தான்: 'பையனுக்கு உதவியாக இருக்கட்டும்.' ஆனால் அப்படி வந்தவர்களைச் சிறையிலிருந்து வெளிவந்தவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் பிரமாதமாகத் தெரியும். லேசான குற்றம் செய்தவர்களைக் கனமான குற்றம் செய்தவர்களோடு ஒப்பிட்டால் வேறு எப்படித் தெரியும்? 'இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவருக்கு என்ன தண்டனை கிடைத்திருக்கும்' என்பதை ஒவ்வொரு கோப்பிலும் தீர்ப்பு நாளிலேயே குறித்து வைத்தால் இதைப் பிடித்துவிடலாம். பின்னால் நினைவிலிருந்து எழுதியதை நம்ப முடியாது.

நீதிபதிகளின் வேறுபாட்டைப் பயன்படுத்துவது

நீதிமன்றங்களில் வழக்குகள் பெரும்பாலும் முறை வைத்தோ கணினி மூலமோ நீதிபதிகளுக்குப் பிரிகின்றன. சில நீதிபதிகள் கறார், சிலர் இளகிய மனம். ஒரே மாதிரி வழக்கோடு வந்த இருவரில் ஒருவர் கறாரான நீதிபதியிடம் போய்ச் சிறைக்குப் போகிறார், மற்றவர் வெளியே இருக்கிறார். அவர்களுக்குள் வித்தியாசம் யாரிடம் வழக்கு விழுந்தது என்பது மட்டும்தான். யாரும் திட்டமிட்டு நடத்தாத ஒரு குலுக்கல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, பொருளியலாளர்கள் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள்.

இந்த முறையில் வந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றும். அன்னா ஐசரும் ஜோசப் டாயலும் 2015-இல் அமெரிக்காவின் ஒரு பெரிய நகரப் பகுதியில் 35,000-க்கு மேற்பட்ட சிறார்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். அடைத்து வைக்கப்பட்டவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது வெகுவாகக் குறைந்தது, பெரியவர்களான பிறகு சிறைக்குப் போவது வெகுவாகக் கூடியது. அதே உத்தியை நார்வேயின் பதிவுகளில் பயன்படுத்தி 2020-இல் வெளிவந்த ஆய்வு நேர் எதிராகச் சொன்னது: சிறைக்குப் போனவர்களிடம் ஐந்து வருடத்தில் மறுகுற்றம் குறைந்தது. உள்ளே போகுமுன் வேலையில் இல்லாதவர்களிடம்தான் இந்தப் பலன் தெரிந்தது. அவர்கள் வேலைப் பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தார்கள், பிறகு வேலைக்கும் போனார்கள்.

முறை தப்பா? இல்லை. 'சிறை' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள் இருக்கின்றன, ஆட்களின் வயதும் வேறு. பயிற்சியும் ஒழுங்கும் உள்ள நார்வேச் சிறையும், பள்ளியிலிருந்து ஒரு சிறுவனைப் பிய்த்தெடுக்கும் அடைப்பும் ஒன்றல்ல. சமூகத் தண்டனைக்கும் இதே கதைதான். 'சமூகத் தண்டனை பலன் தருமா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதற்குப் பதிலாக, எந்த உள்ளடக்கத்தோடு, யாருக்கு என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள். நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு வரக்கூடிய நடுத்தர வழக்குகளைப் பற்றி மட்டுமே இது பேசும். கொடூரமான குற்றம் செய்தவரையும் சில்லறைத் திருட்டு செய்தவரையும் எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரிதான் நடத்துவார்கள், அவர்களைப் பற்றி இது வாய் திறக்காது. அப்புறம், ஆயிரக்கணக்கில் வழக்குகள் வேண்டும். ஒரு தனித் திட்டம் தன்னைத் தானே அளந்துகொள்ள இது உதவாது. ஒரு நாடோ ஒரு பெரிய மாநிலமோ தன் தண்டனைக் கொள்கையையே மதிப்பிட வேண்டுமானால் இதைவிட நல்ல கருவி அரிது.

எல்லைக்கோட்டின் இரு பக்கமும்

இது இன்னும் சிக்கனமான உத்தி. ஜெர்மனியில் குற்றம் செய்தபோது 18 முதல் 20 வயதுக்குள் இருந்தவரை, அவருடைய முதிர்ச்சியைப் பார்த்து, இளையோர் சட்டத்தின்படி நடத்த நீதிமன்றத்துக்கு இடமுண்டு. 21 ஆகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். நெதர்லாந்தில் 2014-இலிருந்து 23 வயது வரை அந்த வாய்ப்பு இருக்கிறது. 20 வயது 11 மாதத்தில் குற்றம் செய்தவருக்கும் 21 வயது 1 மாதத்தில் செய்தவருக்கும் மனிதர்களாகப் பெரிய வேறுபாடு இருக்காது. கிடைக்கும் தண்டனை மட்டும் மாறுகிறது. கோட்டுக்கு இருபுறமும் உள்ளவர்களை ஒப்பிட்டால் வயதுத் தொல்லை ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்.

ஆனால் அந்தக் கோட்டின் பக்கத்தில் நிற்பவர்கள் குறைவு. 21-ஐ ஒட்டிய முடிவை 18 வயதுக்காரருக்குப் பொருத்தவும் முடியாது. குற்றத்தின் கனத்துக்கும் முந்தைய பதிவுக்கும் மதிப்பெண் போட்டு, அட்டவணைப்படி தண்டனை தரும் இடங்களில் மதிப்பெண் எல்லையை இப்படிப் பயன்படுத்தலாம். வாஷிங்டன் மாநிலச் சிறார்களைப் பற்றி ராண்டி ஜால்மர்சன் 2009-இல் அப்படிச் செய்தபோது, அடைக்கப்பட்டவர்களிடம் மறுகுற்றம் குறைவாக இருந்தது. சமூகத் தண்டனையை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த முடிவையும் மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.

குலுக்கல்

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த முறை. தகுதியுள்ளவர்களின் பட்டியலை எடுத்து, யாருக்கு இடம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வது. வயது, குடும்பம், மனஉறுதி, தரவில் இல்லாத மற்ற எல்லாமே இரண்டு பக்கமும் சராசரியாகச் சமமாகப் பிரிந்துவிடும். பிறந்தநாள்கள் இரு குழுக்களுக்கும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன.

'ஒருவரின் தண்டனையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வதா' என்று மனம் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். அதற்கான பதிலை வரலாறு கொடுத்திருக்கிறது, அது கசப்பான பதில்.

1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு ஊர்களில் 506 சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் நாணயம் சுண்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பல வருடம் ஆலோசகர்கள், படிப்பு உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். 30 வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் அந்த ஆட்களைத் தேடிப் போனார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'அது எனக்கு நல்லது செய்தது' என்றார்கள். பதிவுகள் வேறு சொன்னன. உதவி பெற்றவர்களிடம் மீண்டும் மீண்டும் குற்றம் செய்வது, குடிப்பழக்கம், மனநோய், அகால மரணம் போன்றவை ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகமாக இருந்தன. 1978-இல் இதை அவர் வெளியிட்டார். அந்த நாணயம் சுண்டப்படாமல் இருந்திருந்தால், அந்த மூன்றில் இரண்டு பங்கின் நன்றியை வைத்து அது இன்றும் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டிருக்கும்.

1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறையில், ஆயுள் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டித் திருத்தும் திட்டம் ஒன்று பெரும் புகழ் பெற்றது. ஜேம்ஸ் ஃபின்கனார் 81 சிறுவர்களை வைத்து ஆராய்ந்தார். சிறைக்குள் போய் வந்த 46 பேரில் 41.3 சதவீதம் பேர் மறுபடி குற்றம் செய்தார்கள், போகாத 35 பேரில் 11.4 சதவீதம். சின்ன எண்ணிக்கைதான், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் பிறகு பெட்ரோசினோ குழு இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றிய ஒன்பது குலுக்கல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது: சும்மா விட்டிருந்தால்கூட இதைவிடக் குறைவாகத்தான் குற்றம் நடந்திருக்கும். நல்லெண்ணத்தோடு தீங்கு செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு, சோதிக்காமல் ஆயிரம் இளைஞர்கள் மேல் ஒரு திட்டத்தைப் போடுவதுதான் எனக்கு அதர்மமாகப் படுகிறது.

சிறையா வெளியிலா என்ற இடத்திலேயே குலுக்கல் நடத்தியது சுவிட்சர்லாந்து. 1990-களில் வோ மாநிலத்தில் மார்ட்டின் கிலியாஸ் குழு 123 பேரைச் சமூக சேவைக்கும் இரண்டு வாரத்துக்கு மிகாத சிறைக்கும் குலுக்கல் முறையில் பிரித்தது. மறு தண்டனை பெறுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறைக்குப் போனவர்களுக்குத் தங்கள் தண்டனை மீதும் நீதித்துறை மீதும் மனக்கசப்பு அதிகமாக இருந்தது. வித்தியாசம் இல்லை என்பதைத் தோல்வியாகப் படிக்கக் கூடாது. செலவு குறைந்த, மனிதரைக் குடும்பத்திலிருந்து பிரிக்காத தண்டனை அதே அளவு வேலை செய்தால் அதுவே போதுமான காரணம்.

ஒரு குலுக்கலோடும் நிறுத்திவிட முடியாது. ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004-இல் தொடங்கிய 'ஹோப்' திட்டம், நன்னடத்தை விதியை மீறினால் உடனடியாக, கண்டிப்பாக, ஆனால் ஓரிரு நாள் சிறை என்ற அளவில் சின்னதாகத் தண்டிப்பது. 493 பேரை வைத்து நடந்த சோதனையில் ஒரு வருடத்தில் கைதானவர்கள் 21 சதவீதம், வழக்கமான கண்காணிப்பில் 47 சதவீதம். நாடே திரும்பிப் பார்த்தது. பிறகு ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஓரிகன், டெக்சஸ் என்று நான்கு மாநிலங்களில் ஆயிரத்து ஐந்நூறு பேரளவில் அதையே செய்து பார்த்தபோது, 2016-இல் வந்த முடிவில் மறு கைதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு ஊரில், ஒரு உறுதியான நீதிபதியின் கையில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

எதை எண்ணுவது, எப்போது தொடங்குவது

முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும் கணக்கைக் கெடுக்கும் இடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, கண்காணிப்பே குற்றத்தைக் கண்டுபிடிக்கும். ஜோன் பீட்டர்சிலியாவும் சூசன் டர்னரும் அமெரிக்காவின் 9 மாநிலங்களில் 14 இடங்களில் தீவிரக் கண்காணிப்பைக் குலுக்கல் முறையில் சோதித்து 1993-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் புதிய குற்றத்துக்காகக் கைதானவர்கள் தீவிரக் கண்காணிப்பில் 37 சதவீதம், சாதாரணக் கண்காணிப்பில் 33 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கண்காணிப்பு விதிகளை மீறியவர்கள் முறையே 65, 38 சதவீதம். வாரம் நான்கு தடவை பார்க்கும் அலுவலர் வாரம் ஒரு தடவை பார்ப்பவரைவிட அதிகமாகத்தான் கண்டுபிடிப்பார். விதி மீறலை மறுகுற்றத்தோடு ஒரே எண்ணில் கலந்தால் திட்டம் அநியாயமாகத் தோற்றுப்போகும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் போட வேண்டும். அந்த ஆய்விலேயே, கண்காணிப்போடு சிகிச்சையிலும் பங்கெடுத்தவர்களிடம் மறு கைது குறைவாக இருந்ததையும் சொல்ல வேண்டும். அது குலுக்கலில் வந்த ஒப்பீடு அல்ல என்பதால் ஒரு தடயம் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கடிகாரம். 19 வயதில் இருவர் ஒரே நாளில் தீர்ப்புப் பெறுகிறார்கள். ஒருவருக்குச் சமூகத் தண்டனை, மற்றவர் ஒரு வருடம் சிறையில். முதலாமவருக்கு அன்றே எண்ணத் தொடங்கி, இரண்டாமவருக்கு வெளியே வந்த நாளிலிருந்து எண்ணினால், அவர் ஒரு வயது முதிர்ந்தவராக ஒப்பீட்டுக்கு வருகிறார். இருவருக்கும் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால், ஒருவருக்கு முதல் வருடம் வெளியுலகில் குற்றம் செய்ய வாய்ப்பே இல்லை. இரண்டு எண்ணும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். இரண்டையும் வெளியிடுவதுதான் நேர்மை. ஒரு வருடம் என்பதும் குறைவு. வழக்கு முடியத் தாமதமாகும் என்பதால், இங்கிலாந்தில் ஒரு வருடம் பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்பதோடு, தீர்ப்பு வந்து சேர இன்னும் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். இளம் வயதினருக்கு இரண்டு வருடமாவது பார்க்க வேண்டும் என்பேன்.

கூடவே, 'மறுபடி செய்தாரா இல்லையா' என்று மட்டும் கேட்டால், கத்தியோடு வழிப்பறி செய்தவர் அடுத்து ஒரு கடையில் சாக்லேட் திருடியதும் தோல்விதான். எத்தனை முறை, எவ்வளவு கடுமையானது என்பதையும் சேருங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான குற்றத் தீங்குக் குறியீடு, ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டனை வழிகாட்டியில் உள்ள சிறை நாள்களை எடையாக வைக்கிறது. அதைப் போல ஒன்று இருந்தால் மெதுவாகத் திருந்தி வருகிறவர்கள் கணக்கில் தெரிவார்கள்.

என்றால் எதை எடுப்பது

கேள்வியைப் பொறுத்தது. சிறையா சமூகத் தண்டனையா என்பது கொள்கைக் கேள்வி. அங்கே குலுக்கல் நடத்துவது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி கடினம். நீதிபதிகளின் வேறுபாட்டைப் பயன்படுத்தும் முறையும், பெரிய தரவில் ஒத்தவர்களை இணைக்கும் முறையும் இரண்டும் செய்து, முடிவுகள் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

ஏற்கெனவே சமூகத் தண்டனை பெற்றவர்களில் யாருக்குக் கூடுதல் பயிற்சி, யாருக்கு வழக்கமான கண்காணிப்பு என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான திட்டங்களின் உண்மையான கேள்வி இதுதான். இங்கே குலுக்கலைத் தவிர்க்க நல்ல காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. 60 இடம், 150 பேர் தகுதி என்றால் எப்படியும் 90 பேருக்கு இல்லை என்று சொல்லத்தான் போகிறோம். அலுவலருக்குப் பிடித்தவர், முதலில் வந்தவர், நன்றாகப் பேசத் தெரிந்தவர் என்று கொடுப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது. வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய கட்டத்திலும் இதற்கு இடமுண்டு. இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை பர்மிங்காமில் 'டர்னிங் பாயின்ட்' என்ற பெயரில், வழக்குப் போட இருந்தவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கலில் எடுத்து, நிபந்தனைகளோடு வழக்கை நிறுத்திவைத்துச் சோதித்தது. அதிகாரிக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே குலுக்கலுக்கும் இடம் கிடைக்கும்.

எண்ணிக்கையை மறந்துவிடக் கூடாது. மறுகுற்ற விகிதம் 50-இலிருந்து 45 சதவீதமாக இறங்குவதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவிலும் சுமார் 1,560 பேர் வேண்டும். 50-இலிருந்து 40-க்கு என்றால் சுமார் 385. ஒரு பக்கத்துக்கு 60 பேர்தான் என்றால், உண்மையான வித்தியாசம் 25 புள்ளி அளவுக்கு இருந்தால்தான் பிடிபடும். எந்தச் சமூகத் தண்டனையும் தனியாக அவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட சின்னத் திட்டத்தை ஒரு வருட எண்ணிக்கையை வைத்து 'பலனில்லை' என்று மூடுவது, பலன் உண்டு என்று கொண்டாடுவதைப் போலவே தவறு.

சின்னத் திட்டங்கள் நான்கைந்து சேர்ந்து, ஒரே வரையறை, ஒரே படிவம், ஒரே குலுக்கல் முறை வைத்து மூன்று நான்கு வருடம் ஆட்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குழுவிலும் 400-ஐத் தொட்டுவிடலாம். தொடங்குவதற்கு முன்பே எது மறுகுற்றம், எந்த நாளிலிருந்து கணக்கு, எத்தனை மாதம், பாதியில் விட்டவர்களை எப்படி எண்ணுவது, எந்த எண்ணைத் தலைமை முடிவாக எடுத்துக்கொள்வது என்று எழுதி, தேதி போட்டு, திட்டத்தில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். சேராத குழுவில் விழுந்தவர்களின் பதிவையும் அதே அக்கறையோடு கடைசி வரை தேடி எடுக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும், அதற்குப் பணம் ஒதுக்காமல் தொடங்கக் கூடாது.